பூமி நடுங்கும்போது தோன்றும் ஒளி

1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், பொழுது விடிய இன்னும் நெடுநேரம் இருக்கையில், கோயம்புத்தூர்ச் சீமை நடுங்கியது. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி எழுந்த அந்த அதிர்ச்சி, தென்னிந்தியாவில் எழுத்தில் பதிவான நில நடுக்கங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாகும். அதன் வலிமை ரிக்டர் அளவில் ஏறத்தாழ 6 இருந்திருக்கும் என்று பிற்கால வல்லுநர்கள் கணக்கிட்டுள்ளனர். கோயம்புத்தூரிலும் குன்னூரிலும் கட்டடங்கள் சேதமுற்றன. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அந்த அதிர்ச்சியை உணர்ந்தது. "நம்முடையது பாறைப் பூமி, இங்கே பூகம்பம் எட்டிப் பார்க்காது" என்று நம் பக்கத்தில் சொல்வது வழக்கம். அந்த ஒரு விடியற்காலை இந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியது. 2002-ஆம் ஆண்டின் இந்திய நில நடுக்க வரைபடத்தில் கோயம்புத்தூர் மூன்றாம் மண்டலத்தில் சேர்க்கப்பட்டதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம் எனலாம்.

அப்படியொரு அதிர்ச்சி மீண்டும் அதே நேரத்தில் நேருமாயின், இம்முறை சோமனூரில் விழித்திருப்போர் பலர் இருப்பர். விசைத்தறிக் கூடங்களில் இரவு முறை பார்ப்பவர்கள் வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பார்கள். வானத்தில் நீலமும் பச்சையுமாக ஒளி வெட்டி மறைந்தால் அதை என்னவென்று எண்ணுவார்கள்? இந்தக் கேள்வி வெறும் கற்பனையன்று. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் இரவு மொராக்கோ நாட்டில் ஏற்பட்ட கொடிய பூகம்பத்துக்குப் பின், அடிவானில் நீல ஒளி தோன்றி மறையும் படங்கள் உலகெங்கும் கைபேசிகளில் பரவின. 2017-லும் 2021-லும், இரு முறையும் செப்டம்பர் 7-ஆம் நாள் இரவில், மெக்சிகோ நாட்டு மக்கள் இத்தகைய ஒளியைக் கண்டு மண்டியிட்டு ஜெபித்தனர். இப்படங்கள் நம் குடும்பங்களுக்கும் வந்து சேருகின்றன. வந்தவுடன் இருவகைத் தீர்ப்புகளும் கூடவே வந்துவிடுகின்றன. ஒரு சாரார், "உலக முடிவின் அடையாளம்" என்கின்றனர். மற்றொரு சாரார், "டிரான்ஸ்பார்மர் வெடித்திருக்கிறது, வேறொன்றுமில்லை" என்று கையை உதறிவிடுகின்றனர். இரண்டாவது தீர்ப்பு பெரும்பாலும் சரியே. ஆயினும் எப்பொழுதும் சரியன்று.

முதலில் கம்பிகளைப் பற்றியே பார்த்துவிடுவோம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்று மின்கம்பிகளை ஆட்டி ஒன்றோடொன்று உரசச் செய்வதை நம்மில் பார்க்காதவர் இல்லை. கண்ணைப் பறிக்கும் நீலப் பொறி ஒன்று எழும்; 'பட்' டென்று ஓர் ஓசை கேட்கும்; அடுத்த கணம் தெருவே இருண்டுவிடும். பூகம்பம் செய்வதும் இதையே. ஆனால் ஒரு தெருவில் மட்டுமன்று, ஒரு நகரம் முழுவதிலும் ஒரே நேரத்தில் செய்கிறது. கம்பங்கள் ஆடுகின்றன, கம்பிகள் முட்டுகின்றன, துணைமின் நிலையங்களில் மின்பொறிகள் பாய்கின்றன. மேகங்கள் தாழ்ந்திருந்தால் அவ்வொளி அவற்றில் பட்டுத் திரும்பி, வானமே பற்றி எரிவதுபோல் காட்டும். மெக்சிகோ நகரத்து ஒளிகளில் பெரும்பகுதி இத்தகையதே என்று பல விஞ்ஞானிகள் கருதுகின்றனர். அதை மறுக்க வலுவான காரணம் இல்லை.

ஆனால் மின்கம்பியே இல்லாத காலத்தில் காணப்பட்ட ஒளிக்கு என்ன விடை கூறுவது? கொங்கு நாட்டுக்குப் பைக்காரா மின்சாரம் வந்ததே 1930-களில்தான். உலகில் எங்குமே மின்கம்பி இல்லாத நூற்றாண்டுகளில், பூகம்ப இரவுகளில் ஒளியைக் கண்டதாகச் சாட்சி சொன்னவர்கள் எண்ணற்றோர். அச்சாட்சியங்களைத் தேடித் தொகுத்தவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

ரோமாபுரிக்கு அருகே வெல்லெத்ரி என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்கிருந்த வானிலை, நில அதிர்வு ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளராக விளங்கியவர் இஞ்ஞாசியோ கல்லி. பூகம்பத்தின்போது ஒளி தோன்றுவதாகச் சொல்வதை அக்காலத்து அறிஞர் பலர் பாமரரின் பயமயக்கம் என்று ஒதுக்கினர். கல்லி அடிகள் அவ்வாறு ஒதுக்கவில்லை. ஒவ்வொரு செய்தியையும் வானத்து அற்புதமாகத் தூக்கிப் பிடிக்கவும் இல்லை. பண்டை ரோமர் காலந்தொட்டுத் தம் காலம் வரையுள்ள குறிப்புகளைத் துருவித் தேடினார். ஒளி எங்கே தோன்றியது, என்ன நிறம், எவ்வளவு நேரம் நின்றது, அதிர்ச்சிக்கு முன்னா, உடனா, பின்னா என்று பிரித்து அடுக்கினார். கணநேரம் வானமெங்கும் பரவிய ஒளி, தரையிலிருந்து எழுந்த சுடர், உருண்டு செல்லும் பந்து என அவற்றுக்கு வகைகளும் வகுத்தார். 1910-ஆம் ஆண்டு இத்தாலிய நில அதிர்வியல் சங்கத்தின் ஏட்டில் அவர் வெளியிட்ட தொகுப்பில் 148 பூகம்பங்களைப் பற்றிய ஒளிக் குறிப்புகள் அடங்கியுள்ளன. அவர் காரணம் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் அவர் செய்த வேலை, நூறாண்டுகளுக்குப் பின்னும் பயன்பட்டது. 2009-ஆம் ஆண்டு, குருத்து ஞாயிறு கழிந்து திங்கள் விடியுமுன், இத்தாலியின் லாக்குயிலா நகரம் பூகம்பத்தில் நொறுங்கி முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கிறிஸ்தியானோ ஃபிதானி என்ற ஆராய்ச்சியாளர் மக்களை விசாரித்து, இருநூறுக்கும் மேற்பட்ட ஒளிச் சாட்சியங்களைத் திரட்டினார். அவற்றை வகைப்படுத்த அவர் கையாண்டது கல்லி அடிகளின் பழைய பகுப்பையேதான்.

ஜப்பானியரும் இத்துறையில் சளைக்கவில்லை. 1930-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் விடியற்காலையில் இசு தீபகற்பம் அதிர்ந்தபோது, முஷா என்பவர் ஏறத்தாழ 1,500 பேரிடமிருந்து குறிப்புகளைச் சேகரித்தார். புகழ்பெற்ற இயற்பியலறிஞரான தெராதா இதுபற்றிக் கட்டுரை எழுதினார். அப்பொழுதும் உலகம் முழுமனதாக நம்பவில்லை. கேட்டதெல்லாம், "படம் எங்கே?" என்ற கேள்விதான். படம் வந்தது 1960-களில். மத்சுஷிரோ என்னும் ஊரில் 1965 முதல் 1967 வரை பூமி ஓயாமல் சிறுசிறு அதிர்ச்சிகளால் குலுங்கிக்கொண்டே இருந்தது. இனியும் அதிரும் என்று தெரிந்தபடியால், அவ்வூர்ப் பல் மருத்துவர் குரிபயாஷி பொறுமையுடன் காமிராவை மலைப்பக்கம் திருப்பி வைத்துக் காத்திருந்தார். மலையுச்சிகளின் மேல் கவிந்து நின்ற ஒளியை அவர் பல முறை படமாக்கினார். பல்லைப் பிடுங்கும் கைக்கு இத்தனை பொறுமை இருந்ததை மெச்சத்தான் வேண்டும்! அப்படங்களுக்குப் பிறகே, 'ஒளி உண்டா?' என்ற கேள்வி மங்கி, 'ஏன்?' என்ற கேள்வி முன்வந்தது.

மற்றொரு சான்று இன்னும் நுட்பமானது. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், தேவமாதா விண்ணேற்புத் திருநாளன்று மாலை, தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் பிஸ்கோ நகருக்கு அருகே 8 ரிக்டர் அளவில் பூகம்பம் நிகழ்ந்தது. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளியிருந்த தலைநகர் லிமாவில், அதாவது சோமனூரிலிருந்து சேலத்துக்குள்ள தூரத்தைவிடச் சற்றுக் கூடுதலான தொலைவில், மக்கள் வானில் ஒளி வெட்டுவதைக் கண்டனர். அந்நகரிலுள்ள கத்தோலிக்கப் பாப்பரசர் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் இருந்த காவல் காமிரா அதைப் பதிவு செய்தது. அதே வளாகத்தில் நில அதிர்வுமானி ஒன்றும் இயங்கிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களான ஹெராவுத், லிரா ஆகிய இருவரும் இரண்டு பதிவுகளின் நேரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒளி வெட்டிய கணங்கள், வலிய அதிர்வலைகள் அவ்விடத்தைக் கடந்த கணங்களோடு பொருந்தி நின்றன. 2011-இல் அவர்கள் இதை வெளியிட்டனர். கடல் பக்கத்திலும் ஒளி தோன்றியதாகச் சாட்சிகள் கூறினர். அங்கே கம்பிகள் ஏது?

இனி, பாறைக்குள்ளிருந்து ஒளி எவ்வாறு பிறக்கும் என்பதைக் காண்போம். இதற்கு விஞ்ஞானிகள் தரும் விளக்கங்கள் பல. முடிந்த முடிபு இன்னும் இல்லை.

எளிதிலிருந்து தொடங்குவோம். நம் காட்டுப் பக்கங்களில் கிடக்கும் வெள்ளை நிறப் படிகக் கற்கள் இரண்டை இருட்டறையில் ஒன்றோடொன்று வலுவாகத் தேய்த்தால், கல்லுக்குள்ளேயே மங்கலான ஒளி பரவுவதைச் சிறுவர்கள் அறிவார்கள். கற்கண்டிலும் இதைக் காணலாம். கும்மிருட்டில் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு, பெரிய கற்கண்டுத் துண்டைக் குறட்டால் நொறுக்கினால் நொடிப்பொழுது நீல ஒளி மின்னும். சர்க்கரைக் கட்டியை உடைக்கும்போது ஒளி தோன்றுவதை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் குறித்திருக்கிறார். படிகம் உடையும்போது ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் பிரிந்து நிற்க, இடையிலுள்ள காற்று மின்னேற்றம் பெற்று ஒளிர்கிறது. 1980-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கருங்கல் முதலிய பாறைகளைக் கூடத்தில் நசுக்கி உடைத்தபோது, அவையும் உடையும் கணத்தில் ஒளிவிடுவதைக் கண்டனர்.

இதற்கு உறவான இன்னொரு தன்மையை 1880-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். படிகக்கல் போன்ற சில பொருள்களை அழுத்தினாலே போதும், உடைக்கவும் வேண்டாம், மின்னழுத்தம் தோன்றும். அடுப்பைப் பற்றவைக்கக் 'க்ளிக்' என்று அழுத்தும் லைட்டருக்குள் இருப்பது இந்தத் தத்துவமே. பூகம்பத்தில் பூமியே ஒரு மாபெரும் லைட்டராகிறது என்று 1970-ஆம் ஆண்டளவில் சிலர் விளக்கினர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாறையில் படிகத் துணுக்குகள் ஒரே திசை நோக்கி அணிவகுத்து நிற்பதில்லை. கண்டபடி கலந்து கிடக்கின்றன. ஒன்று எழுப்பும் மின்னழுத்தத்தை அடுத்தது அழித்துவிடும். மேலும் இவ்வகைப் படிகம் மிகக் குறைந்த பாறைகள் உள்ள இடங்களிலும் ஒளி காணப்பட்டுள்ளது. ஆகவே இவ்விளக்கம் மட்டும் போதாது.

இன்று மிகுதியாகப் பேசப்படுவது, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வுக்கூடத்தோடு தொடர்புடைய ஃபிரீடெமன் ஃப்ராயிண்ட் என்ற அறிஞரின் கொள்கையாகும். உருகிய குழம்பு ஆறி உறைந்த பாறைகளின் தாதுக்களில், ஆக்சிஜன் அணுக்கள் சில இரண்டிரண்டாகப் பிணைந்து அடங்கிக் கிடக்கின்றன. அழுத்தம் கடுமையாகும்போது இப்பிணைப்பு அறுகிறது. அப்பொழுது எலெக்ட்ரான் ஒன்று குறைந்த 'துளை' ஒன்று உண்டாகிறது. டிரான்சிஸ்டர் ரேடியோவின் பாகங்களுக்குள் மின்சாரம் ஓடுவதும் இத்தகைய துளைகளால்தான் என்பது படித்தவர்கள் அறிந்ததே. இத்துளைகள் நெருக்குண்ட பாறையை விட்டு, நெருக்கமில்லாத பாறை வழியே பரவி மேற்பரப்பை அடைந்து அங்கே குவிகின்றன. குவிந்த நேர்மின் மேலேயுள்ள காற்றை மின்மயமாக்க, அது ஒளிர்கிறது. பாறைக் கட்டையின் ஒரு முனையை மட்டும் நசுக்கி, மறுமுனையில் மின்னோட்டம் வருவதை ஃப்ராயிண்ட் கூடத்தில் செய்து காட்டியிருக்கிறார்.

இக்கொள்கைக்குத் துணையாக 2014-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கனடாவைச் சேர்ந்த தெரியோ என்பவரும் ஃப்ராயிண்டும் வேறிருவரும், 1600-ஆம் ஆண்டு தொடங்கி அமெரிக்கக் கண்டங்களிலும் ஐரோப்பாவிலும் நன்கு பதிவான 65 பூகம்ப ஒளி நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்தனர். அவற்றுள் நூற்றுக்கு 97 பங்கு, ஏறக்குறையச் செங்குத்தாகப் பூமிக்குள் இறங்கும் பிளவுகளின் அருகில் நிகழ்ந்திருந்தன. நூற்றுக்கு 85 பங்கு, நிலம் இழுபட்டுப் பிளந்த பள்ளத்தாக்குகளை ஒட்டியவை. ஆழத்தில் உண்டான மின்னேற்றம் சிதறிப் போகாமல் மேலே வந்து சேர, செங்குத்தான பிளவு கிணற்றுக் குழாய் போல் வழி விடுகிறது என்று அவர்கள் கருதினர். விளக்கம் அழகானது. ஆயினும் எதிர்வாதம் புரிவோர் ஒரு வலிய கேள்வியைக் கேட்கின்றனர். கூடத்தில் வைத்த கல் உலர்ந்தது. பூமிக்குள் இருக்கும் பாறையிலோ உப்பு நீர் ஊறிக் கிடக்கிறது. ஈரச் சுவரில் மின்சாரம் கசிவதுபோல், அந்த மின்னேற்றம் வழியிலேயே கசிந்து போகாதா? இதற்கு எல்லோரும் ஒப்பும் விடை இன்னும் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்ப்ரோட் என்ற ஆராய்ச்சியாளர் வேறு வழியில் சென்றார். அவர் எடுத்துக்கொண்டது பாறையன்று, சமையலறை மாவு! மாவு நிரப்பிய பாத்திரத்தை மெல்லச் சாய்த்தால் ஒரு கட்டத்தில் மாவு பிளந்து சரியும். அவ்வாறு பிளக்கும்போது நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் தோன்றுவதை அவர் அளந்தார். துகள்கள் ஒன்றோடொன்று உராய்வதால் வரும் இந்த மின்சாரத்துக்குப் படிகமும் வேண்டாம், எரிமலைப் பாறையும் வேண்டாம். பாலியெஸ்டர் நூல் ஓடும் தறியில் பஞ்சுத் தூசு ஒட்டிக்கொள்வதையும், வறண்ட நாளில் நூலைத் தொட்டால் சுரீரென்பதையும் தினமும் காணும் சோமனூர்க்காரர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. பூமியின் பிளவில் பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லும் தூளும் உராயும்போது எவ்வளவு மின்சாரம் திரளும் என்பதுதான் அளந்து பார்க்க இயலாத கேள்வி. இவற்றைத் தவிர, நிலத்தடி வாயுக்கள் வெளிப்பட்டுத் தீப்பற்றுவதாகவும் சொல்வார்கள். லாக்குயிலாவில் கற்பாவிய ஒரு வீதியின் மேல் விரலளவே உயர்ந்த சுடர்கள் அசைந்ததாகச் சிலர் கூறியதற்கு அது பொருந்தலாம். மலையுச்சியைக் கவிந்த ஒளிக்குப் பொருந்தாது.

இத்தனையும் பார்த்தபின் எமக்குத் தோன்றுவது இதுவே: பூகம்ப ஒளி என்பது ஒரே பொருளன்று. பந்தாக உருள்வது, தரையில் தவழ்வது, வானமெங்கும் பளிச்சிடுவது ஆகிய யாவற்றுக்கும் ஒரே காரணம் தேடுவதால்தான் ஒவ்வொரு கொள்கையும் ஓரிடத்தில் இடறி விழுகிறது. காய்ச்சல் என்ற ஒரு பெயரால் பத்து நோய்களைச் சுட்டுவதுபோல் இது அமைந்துவிட்டது.

சரி, காரணம் எதுவாயினும் ஆகட்டும், இவ்வொளி முன்னெச்சரிக்கையாகவேனும் உதவாதா என்று பலர் கேட்பர். லாக்குயிலாவில் ஒரு குடும்பத் தலைவர், பெரிய அதிர்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு வீட்டுக்குள் ஒளி மின்னுவதைக் கண்டு, குடும்பத்தாரை வெளியே அழைத்துச் சென்று காப்பாற்றியதாகச் செய்தி உண்டு. அவர் செய்தது விவேகமான செயலே. ஆனால் கணக்கைப் பாருங்கள். ரிக்டர் அளவில் 6-க்கு மேற்பட்ட பூகம்பங்கள் உலகில் ஆண்டுதோறும் நூற்றுக்கும் அதிகமாக நிகழ்கின்றன. அந்த ஆய்வாளர்கள் தேறியதென எடுத்துக்கொள்ள முடிந்ததோ, இரண்டு கண்டப் பகுதிகளில் நானூறு ஆண்டுகளுக்கு அறுபத்தைந்துதான். அவற்றிலும் பல, அதிர்ச்சியோடு கூடவே தோன்றியவை. ஒளி வராத பூகம்பமே மிகப் பல. ஒளி தெரியவில்லையே என்று வீட்டுக்குள் இருப்பவனும், எங்கோ கம்பி உரசியதைக் கண்டு ஊரையே எழுப்பி ஓடவைப்பவனும் ஒருசேர ஏமாறுவார்கள்.

பிஸ்கோவில் மாண்டவர்களை ஒளி கொல்லவில்லை. பச்சைச் செங்கல்லால் கட்டிய வீடுகள் அவர்கள்மேல் சரிந்தன. அந்நகரின் புனித கிளமெந்து ஆலயம், உள்ளே திருப்பலி நடந்துகொண்டிருக்கையில் இடிந்து விழுந்து, பூசை காண வந்தவர்களுள் பலரைப் பலிகொண்டது. நம் பங்குகளிலும் பழமையான ஆலயங்கள், பள்ளிக்கூடங்கள், உயரமான செங்கற்சுவரின்மேல் தகரமோ ஓடோ போட்ட தறிக்கூடங்கள் உள்ளன. சுவரில் ஓடும் விரிசலையும், மேலே தளர்ந்து நிற்கும் கைப்பிடிச் சுவரையும் கட்டடம் அறிந்தவரிடம் காட்டிச் சீர்படுத்துவது எந்தக் காலத்திலும் செய்யக்கூடியது. அதிர்ச்சி நேரும்போது திறந்த வெளிக்கு வருபவர்கள் மின்கம்பிக்குக் கீழே மட்டும் நிற்கக் கூடாது. மேலே வெட்டும் ஒளி கம்பியிலிருந்து வருவதானால், அடுத்து அறுந்து விழப்போவதும் அதே கம்பிதான்.

பத்திரமான இடத்தில் நின்றபின், யாரேனும் ஒளியைக் காண நேர்ந்தால் கல்லி அடிகள் குறித்ததையே குறித்து வைக்கலாம். எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், தரையையொட்டியா மலைக்கு மேலேயா, என்ன நிறம், எத்தனை நொடி என்பவை முக்கியம். அவர் காலத்தில் தேவைப்படாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒளி தோன்றிய அதே கணத்தில் ஊரில் மின்சாரம் நின்றதா, இல்லையா? மின்சாரம் நின்றிருந்தால் பெரும்பாலும் அது கம்பியின் வேலை. விளக்குகள் எரிந்துகொண்டிருக்கவே, கம்பமில்லாத கரட்டின் மேல் ஒளி நின்றிருந்தால், அந்தக் குறிப்பை நில அதிர்வு ஆராய்ச்சியாளர்கள் ஆவலுடன் கேட்டு வாங்குவார்கள்.